தின்பது உடம்பில் ஒட்டவில்லை

சின்ன வயதில் என் தம்பியைப் பார்த்து அம்மா அடிக்கடி சொல்வார்: "எவ்வளவு போட்டாலும் எங்கதான் போகுதோ, தின்னது உடம்புல ஒட்டவே மாட்டேங்குது." 2023ஆம் வருடம் பாதிக்கு மேல் எங்கள் பூனை சுந்தரியைப் பார்த்தும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தோம். சொல்லிவிட்டு இன்னொரு கெம்போங் மீனை அவித்து வைப்போம். அவள் அதையும் தின்றுவிட்டு மறுபடி வந்து காலைச் சுற்றுவாள். நாங்கள் பேச்சுவாக்கில் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று தெரிந்தபோது 4.3 கிலோ இருந்தவள் 2.4 கிலோவுக்கு வந்திருந்தாள்.

பூனை வளர்க்கும் நம்மவர்கள் கோலாலம்பூரில் நிறையப் பேர் இருக்கிறோம். கணையத்தில் வரும் இந்த நோய்க்கு ஈ.பி.ஐ. என்று ஒரு பெயர் இருக்கிறது, கண்டுபிடிக்க ஒரு இரத்தப் பரிசோதனை இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. எனக்கு இதெல்லாம் தெரிய ஏழு மாதம் ஆனது. இன்னொருவருக்கு அவ்வளவு நாள் ஆகக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

சுந்தரி எங்களிடம் வந்தது 2020 மார்ச்சில். நடமாட்டக் கட்டுப்பாடு அறிவித்து ஊரே வீட்டுக்குள் அடைந்திருந்த நாட்கள். செந்தூலில் எங்கள் அடுக்குமாடியின் நாலாவது மாடிப் படிக்கட்டில் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு பெண் பூனை உட்கார்ந்திருந்தது. வளர்ந்த பூனை, பழகிய பூனை. யார் விட்டுப் போனார்களோ தெரியாது. எதிர்வீட்டு மக்சிக் (வயதில் மூத்த மலாய்ப் பெண்ணை இப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு கிண்ணத்தில் சோறும் மீனும் வைத்தார், நான் தண்ணீர் வைத்தேன். மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தபோது தானாக உள்ளே வந்து அம்மாவின் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டது. அதுவரை "பூனை குறுக்கே போனா ஆகாது" என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மாதான் அதற்குச் சுந்தரி என்று பேர் வைத்தார்.

மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் மெல்ல மெல்ல மாறினாள்.

முதலில் பசி கூடியது. சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டாலே ஓடி வருவாள். குப்பைப் பையைக் கிழித்தாள். முன்பெல்லாம் திரும்பியும் பார்க்காத இட்லியைக்கூட அம்மா தட்டிலிருந்து பிடுங்கினாள். நல்லாத்தானே சாப்பிடுகிறாள் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். முதுகைத் தடவினால் முதுகெலும்பு ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்பட ஆரம்பித்த பிறகும், சாப்பிடுகிற பூனைக்கு என்ன நோய் வந்துவிடப் போகிறது என்றே இருந்தோம்.

இரண்டாவது, மணல் தட்டு. இதைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு, நான் கூச்சப்படப் போவதில்லை. ஏனென்றால் பதில் அங்கேதான் இருந்தது. மலம் வெளிறிக் களிமண் நிறத்துக்கு வந்தது. ஒரு தடவைக்கு முன்பு போல மூன்று மடங்கு. பார்த்தால் எண்ணெய் தடவியது போல மினுமினுப்பு. நாற்றம் வீடு முழுக்க, ஜன்னலைத் திறந்தாலும் போகாது. வாலுக்குக் கீழே முடி பிசுபிசுவென்று ஒட்டிக் கிடந்தது. பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி. அவளால் அது முடியாமல் போனதைப் பார்க்க வயிற்றைப் பிசைந்தது.

வயசாகிவிட்டது என்றார்கள், பூச்சி என்றார்கள். கண்ணேறு என்று ஒரு வெள்ளிக்கிழமை அம்மா அவள் நெற்றியில் திருநீறு பூசினார். நான் அவளைப் பிரம்புக் கூடையில் வைத்து ஒரு கிளினிக்குக்குத் தூக்கிப் போனேன். பூச்சி மருந்து கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து வயிற்றுக்கு ஆன்டிபயாட்டிக். மறுபடி போனேன், விலை கூடிய வயிற்று உணவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் மலம் கொஞ்சம் இறுகியது போலத் தெரியும், பிறகு பழைய கதை. இப்படியே ஐந்து மாதம் போனது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வயிற்றுப்போக்கோடு வரும் நூறு பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த மருந்துகளே போதும். ஆனால் எடை தொடர்ந்து இறங்கிக்கொண்டிருந்ததை யாரும், நானும்கூட, ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்க்கவில்லை. எழுதியிருந்தால் மூன்றாம் மாதமே பயந்திருப்போம்.

அந்த நாட்களில் என்னை அதிகம் சோர வைத்தது செலவோ அலைச்சலோ இல்லை. வேலையிடத்தில் ஒரு தோழி, நல்லவள்தான், "பூனைக்கா இவ்வளவு? விட்டுடேன், போற உயிர் போகட்டும்" என்றாள். என் அண்ணி இன்னும் நேராகவே, "மனுஷனுக்கு மருந்து வாங்கக் காசில்லாதவங்க எத்தனை பேரு இருக்காங்க" என்றார். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. இராத்திரி குளியலறையில் மணல் தட்டைக் கழுவிக்கொண்டே அழுதிருக்கிறேன். ஒரு உயிர் நம் வீட்டுக் கதவைத் தாண்டி உள்ளே வந்து நம்மை நம்பிச் சாப்பாடு கேட்கிறது. அது தின்று தின்றே பட்டினியால் செத்துக்கொண்டிருக்கிறது. இந்தத் துக்கத்தை யாரிடம் சொல்ல? மக்சிக் மட்டும் தினமும் கதவண்டை வந்து பார்த்து "கெசியான் டியா" என்று தலையைத் தடவிவிட்டுப் போவார். "பாவம் அவ" என்கிற அந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மாதங்களைக் கடந்தேன்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் ஒரு இளம்பெண். சுந்தரியைத் தராசில் வைத்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார், பிசுபிசுத்த முடியை விரலால் தேய்த்துப் பார்த்தார். "மலத்தைப் படம் எடுத்திருக்கீங்களா?" என்றார். என்னிடம் பதினாறு படம் இருந்தது. ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்த்தவர் முதலில் தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம் மூன்றையும் பார்க்கச் சொன்னார். வயதான பூனை நன்றாகத் தின்றும் இளைத்தால் தைராய்டு அல்லது சர்க்கரைதான் முதல் சந்தேகம். மலத்தில் கிருமியும் தேடினார்கள். எல்லாம் சரியாக இருந்தது. ஸ்கேனிலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அப்புறம்தான், "இன்னும் ஒரு டெஸ்ட் இருக்கு, டி.எல்.ஐ. வெறும் வயித்துல இரத்தம் எடுக்கணும்" என்றார்.

இந்தப் பெயரை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: டி.எல்.ஐ.

கணையம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, இன்சுலின் சுரப்பது. எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டாவது, தின்ற கொழுப்பையும் புரதத்தையும் மாவையும் உடைக்கும் என்சைம்களைச் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புவது. அந்த இரண்டாவது வேலை நின்றுபோனால் உணவு உடையாது. உடையாத உணவைக் குடல் உறிஞ்ச முடியாது. மீன் உள்ளே போகும், மீனாகவே கொழுப்போடு வெளியே வரும். அதுதான் அந்த மினுமினுப்பு, அதுதான் அந்த நாற்றம். உடம்போ பட்டினி கிடக்கும், இன்னும் கொடு இன்னும் கொடு என்று கேட்கும். எக்ஸோக்ரைன் பான்கிரியாட்டிக் இன்சஃபிஷியன்சி, சுருக்கமாக ஈ.பி.ஐ. என்று இதைச் சொல்கிறார்கள். நாய்களில், முக்கியமாக ஜெர்மன் ஷெப்பர்டில், கணையத்தின் செல்கள் தாமாகச் சுருங்கிப்போவதால் வருவது அதிகம். பூனைகளில் பெரும்பாலும் நாள்பட்ட கணைய அழற்சிதான் காரணம். அழற்சி வருடக்கணக்கில் சத்தமில்லாமல் திசுவைத் தின்றுகொண்டே இருக்கும். கணையத்தில் பத்தில் ஒன்பது பங்கு போன பிறகுதான் வெளியே தெரியவே ஆரம்பிக்கும்.

நல்ல கணையத்திலிருந்து டிரிப்சினோஜன் என்கிற பொருள் கொஞ்சம் இரத்தத்தில் கசியும். கணையம் அழிந்தால் கசிய எதுவும் இருக்காது. டி.எல்.ஐ. பரிசோதனை அந்தக் கசிவைத்தான் அளக்கிறது. பூனைக்கென்று செய்த பரிசோதனையாக இருக்க வேண்டும், நாயுடையது உதவாது. அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் இரைப்பை குடல் ஆய்வகம் இந்தத் துறையில் நிறைய வேலை செய்திருக்கிறது. பூனைக்கு வழக்கமான அளவு ஒரு லிட்டருக்கு 12 முதல் 82 மைக்ரோகிராம். 8 அல்லது அதற்குக் கீழே என்றால் ஈ.பி.ஐ. இடையில் வந்தால் சில வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். சுந்தரியின் இரத்த மாதிரி வெளிநாடு போய் முடிவு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு பரிசோதனைக்கு ஆன செலவு எங்கள் வீட்டு ஒரு வார மளிகையைவிட அதிகம். ஆனால் அதற்கு முந்தைய ஐந்து மாதம் நான் செலவழித்ததில் கால்வாசிகூட இல்லை.

3.1 என்று வந்தது. டாக்டர் தொலைபேசியில் சொன்னபோது நான் எல்.ஆர்.டி. ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். கூட்டம் ஏறி இறங்குகிறது, நான் ஓரமாக நின்று அழுகிறேன். துக்கத்தால் இல்லை. பெயர் கிடைத்துவிட்டதே என்று.

மருந்து ஒரு தூள். பன்றியின் கணையத்தைக் காயவைத்துப் பொடித்தது. உடம்பு சுரக்காத என்சைமை வெளியிலிருந்து உணவோடு சேர்த்துக் கொடுப்பதுதான் சிகிச்சை. ஒவ்வொரு வேளையும், ஒரு வேளைகூடத் தவறாமல், வாழ்நாள் முழுக்க. ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, பூனை தேறிய பிறகு டாக்டர் சொல்படி முக்காலுக்குக் குறைத்தோம்.

முதல் நாள் நடந்ததை அப்படியே சொல்கிறேன். டின்னில் வரும் கெட்டியான மீன் உணவைத் தட்டில் போட்டேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது, அறைச் சூட்டுக்கு வரட்டும் என்று கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். சூடான உணவில் இந்தத் தூளைக் கலக்கக்கூடாது, சூட்டில் என்சைம் செத்துவிடும். கலந்த பிறகும் சூடு காட்டக்கூடாது. மூக்கில் முகமூடி போட்டுக்கொண்டு, சிந்தாமல், தூளைப் போட்டு ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுப் பிசைந்தேன். கொஞ்சம் சுட்ட எலும்பு போல, கொஞ்சம் கருவாடு போல ஒரு வாசனை. அப்போது பார்த்துக் கதவைத் தட்டினார்கள். போய்ப் பேசிவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து வந்தால் தட்டில் கெட்டியாக இருந்த உணவு இளகி ஓரத்தில் தண்ணீர் விட்டிருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வயிற்றுக்குள் நடக்க வேண்டிய வேலை கண் எதிரே தட்டில் நடந்துகொண்டிருந்தது. அம்மா வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளா இது இல்லாமலா இவ தின்னுகிட்டு இருந்தா" என்றார்.

அந்தத் தூளுக்கு மீனுக்கும் பூனைக்கும் வித்தியாசம் தெரியாது, இது முக்கியம். தாடையில் ஒட்டிக்கொண்டால் தோலையும் அரிக்கும். வாயில் தங்கினால் புண்ணாகும். அதனால் நன்றாகத் தண்ணீர் விட்டுக் கலக்க வேண்டும், சாப்பிட்டு முடித்ததும் ஈரத்துணியால் வாயையும் தாடையையும் துடைக்க வேண்டும். சுந்தரி முதலில் திமிறினாள். இப்போது தட்டை நக்கி முடித்ததும் தானே முகத்தைத் தூக்கிக் காட்டுகிறாள், அம்மா சேலைத் தலைப்பை நனைத்துத் துடைத்துவிடுகிறார். நம் கையையும் கழுவிக்கொள்ள வேண்டும், தூசியை மூச்சில் இழுக்கக்கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் கூடுதல் கவனம்.

நாலாம் நாள் மதியம் அம்மா அலுவலகத்துக்கே போன் போட்டார். "வேலையா இருக்கியா? ஒண்ணுமில்ல, சுந்தரி இன்னைக்கு ஒழுங்கா போயிருக்கா. பழுப்பு நிறமா, கெட்டியா." நான் அந்தச் செய்தியை மேசையில் உட்கார்ந்தபடி இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

தூள் மட்டும் போதாது. பி12 வைட்டமினை உடம்பு உறிஞ்ச வேண்டுமென்றால் இன்ட்ரின்சிக் ஃபாக்டர் என்ற ஒரு புரதம் தேவை. மனிதருக்கு அது இரைப்பையில் சுரக்கிறது. பூனைக்கோ கணையத்தில் மட்டும்தான். ஆக, கணையம் போனால் பி12உம் போகிறது. பி12 குறைந்த பூனை சோர்ந்துபோகும், பசி குறைந்துவிடும், என்சைம் கொடுத்தாலும் எடை ஏறாது. எங்களுக்கு டாக்டர் சொன்னது வாரம் ஒரு ஊசி, 250 மைக்ரோகிராம், ஆறு வாரம். பிறகு ஒரு மாதம் கழித்து ஒன்று, அதன்பின் இரத்தத்தில் அளவு பார்த்து முடிவு. ஊசி மருந்து சிராப் தண்ணீர் போலச் சிவப்பாக இருக்கும். தோள்பட்டைத் தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து அடியில் குத்த வேண்டும் என்று கிளினிக்கில் தாதி கற்றுக்கொடுத்தார். முதல் தடவை என் கை நடுங்கியது. மூன்றாவது வாரம் சுந்தரி ஊசி போடும்போது தின்றுகொண்டே இருந்தாள், திரும்பியும் பார்க்கவில்லை.

நம் ஊரில் இந்த மருந்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தூள் பன்றியிலிருந்து வருவது. மக்சிக்தான் நான் இல்லாத நேரம் சுந்தரிக்குச் சாப்பாடு வைப்பவர். அவரிடம் மறைத்து அந்தக் கிண்ணத்தைக் கொடுப்பது பெரிய பாவம் என்று எனக்குப் பட்டது. நேரே போய்ச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "சொன்னதுக்கு நன்றி. யோசிச்சுச் சொல்றேன்" என்றார். இரண்டு நாள் கழித்து அவரே வந்தார். ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்கு நான் போக வேண்டியிருந்தது அவருக்குத் தெரியும். தனிக் கிண்ணம், தனிக் கரண்டி, கையுறை எல்லாம் நான் வாங்கித் தர வேண்டும், எங்கள் வீட்டிலேயே வைத்து அவர் ஊட்டுவார், அவர் வீட்டுப் பாத்திரத்தோடு எதுவும் கலக்கக்கூடாது என்றார். அப்படியே செய்தோம். நான் திரும்பி வந்தபோது ஆறு கையுறைகளும் ஒரு பையில் முடிந்து குப்பைக்குத் தயாராக இருந்தன, சுந்தரி தூங்கிக்கொண்டிருந்தாள். எல்லா மக்சிக்கும் இப்படித்தான் முடிவெடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேட்காமல் செய்ய வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஒருமுறை தூள் வர வேண்டிய நாளில் வரவில்லை. கையிருப்பு மூன்று நாளுக்கு இருந்தது. பச்சைக் கணையத்தை நறுக்கிக் கொடுக்கலாம், பழைய வழி அதுதான் என்றார் டாக்டர். மாடு அல்லது ஆடு. பன்றியைப் பச்சையாகக் கொடுக்கவே கூடாது, அவ்ஜெஸ்கி என்ற வைரஸ் அதில் இருந்தால் பூனைக்கு உயிரே போய்விடும். எங்கள் வீட்டில் மாடு புழங்குவதில்லை, ஆகவே ஆடு. விடியற்காலை சௌ கிட் சந்தையில் போய் ஆட்டிறைச்சிக் கடை பாயிடம், "கணையம் இருக்கா?" என்றேன். "என்னக்கா அது? சுவரொட்டியா?" என்றார். சுவரொட்டி மண்ணீரல். ஈரலா, குடலா என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். குடலும் இரைப்பையும் சேரும் இடத்தில் வெளிர்நிறமாகச் சதை மாதிரி ஒட்டியிருக்கும் என்று கையால் காட்டினேன். "அதையா? அதைத் தூக்கிப் போட்டுடுவோமே" என்று கழிவுத் தொட்டியைக் காட்டினார். பூனைக்கு மருந்து என்றதும் மறுநாளுக்கு இரண்டு எடுத்து வைத்தார், காசு வாங்கவில்லை. உள்ளங்கையில் அடங்குகிற துண்டுகள். ஒரு வேளைக்கே நல்ல துண்டாக வேண்டும் என்பதால் இரண்டு நாளுக்குக்கூட வரவில்லை. நல்ல வேளையாக அதற்குள் தூள் வந்துவிட்டது. பச்சை இறைச்சியில் கிருமிப் பயமும் உண்டு. அதனால் இதை அவசர வழியாகத்தான் சொல்கிறேன். கையில் ஒரு மாத மருந்து கூடுதலாக வைத்திருங்கள்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சுந்தரியைப் போல எல்லாப் பூனையும் அகோரப் பசியோடு அலையாது. 2016இல் வெளிவந்த ஒரு ஆய்வில் இந்த நோய் வந்த 150 பூனைகளின் விவரங்களைத் தொகுத்திருந்தார்கள். 91 சதவீதம் எடை குறைந்தவை. ஆனால் பசி கூடியவை 42 சதவீதம்தான், 45 சதவீதம் சாப்பாட்டையே வெறுத்தவை. தண்ணீராக வயிற்றுப்போக்கு இருந்தவை 28 சதவீதம். அப்படியென்றால் மலம் ஓரளவு சரியாக இருந்து, சாப்பாடும் குறைந்து, வெறுமனே இளைத்துக்கொண்டு போகிற பூனைக்கும் இந்த நோய் இருக்கலாம். வயதும் ஒரு கணக்கில்லை, மூன்று மாதக் குட்டியிலிருந்து பதினெட்டைத் தாண்டிய கிழம் வரை அந்தப் பட்டியலில் உண்டு. பி12 பார்க்கப்பட்டவற்றில் 77 சதவீதத்துக்கு அது குறைவு. சிகிச்சைக்கு 60 சதவீதம் நன்றாகத் தேறின, 27 சதவீதம் ஓரளவு, 13 சதவீதம் தேறவில்லை.

அந்த 60ஐப் பிடித்துக்கொண்டு நான் பல இராத்திரி தூங்கியிருக்கிறேன். 13ஐ எனக்கு நேரில் காட்டியவர் ஒரு பெரியவர்.

கிளினிக் பெஞ்சில் ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர், பிரிக்பீல்ட்ஸ் பக்கம், மனைவி போய் நாலு வருடம். மடியில் கூடை, கூடை மேல் வெள்ளைத் துண்டு. உள்ளே வெள்ளையன் என்று ஒரு ஆண் பூனை, எலும்பும் தோலுமாக. அந்த நாற்றம் எனக்குப் பழக்கமானது. துண்டை விலக்கிப் பார்க்காமலே, "ஐயா, டி.எல்.ஐ. எடுத்தாங்களா?" என்று கேட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கும் இதே பாடாம்மா?" என்றார். அதற்கு முன் அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

வெள்ளையனுக்கு இந்த நோயோடு சர்க்கரையும் இருந்தது. கணையத்தின் இரண்டு வேலையும் நின்றுபோயிருந்தன. காலையும் மாலையும் இன்சுலின், வேளைக்கு வேளை தூள், வாரத்துக்கு ஒரு பி12. ஐயாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, ஊசியில் அளவுக்கோடு பார்க்க முடியாது. சனிக்கிழமைகளில் நான் போவேன். பி12 ஊசி போட்டு, ஒரு வாரத்துக்கான தூளை வேளைக்கு ஒன்றாகச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி வைத்துவிட்டு வருவேன். இன்சுலினுக்கு அவர் மாடியில் இருந்த ஒரு சீனப் பையன் காலையும் மாலையும் வந்து உதவினான். இருபது வயதிருக்கும், இரவு வேலைக்குப் போகிறவன். தூக்கத்தை விட்டுவிட்டு வருவான். வெள்ளையன் 300 கிராம் ஏறினான். ஐயா அதைக் காலண்டரில் சிவப்பு மையால் எழுதி வைத்தார். அப்புறம் இறங்க ஆரம்பித்தான். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனைக்கும் கொண்டுபோனோம், அங்கே அன்போடு, பொறுமையாகப் பார்த்தார்கள். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு விடியற்காலையில் வெள்ளையன் போய்விட்டான்.

நான் போனபோது ஐயா அந்தத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினார். "சொந்தக்காரங்க எல்லாம் பூனைதானேன்னு சொல்றாங்கம்மா" என்றார். நான் அவர் கையிலிருந்து தட்டை வாங்கித் துடைத்து வைத்தேன். தேநீர் போட்டேன். வேறு எதுவும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட பூனை வைத்திருக்கிற ஒருவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் தயவுசெய்து "பூனைதானே" என்று சொல்லாதீர்கள். ஒருநாள் அவருக்காக மணல் தட்டைக் கழுவிக் கொடுங்கள். அவர் ஊருக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு வேளை தூள் கலந்து வையுங்கள். கிளினிக்குக்குக் கூடப் போய் உட்காருங்கள். இதைச் செய்ய மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

வளர்ப்பவர்களுக்கு: மாதம் ஒருமுறை எடை பாருங்கள். நீங்கள் தராசில் ஏறி ஒரு தடவை, பூனையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, கழித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். குழந்தைத் தராசு கிடைத்தால் இன்னும் சரியாக இருக்கும். எழுதி வையுங்கள். காரணமில்லாமல் தொடர்ந்து இறங்கினால், தைராய்டும் சர்க்கரையும் இல்லையென்று ஆனால், டாக்டரிடம் டி.எல்.ஐ., பி12 இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை, நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். மருந்து தொடங்கிப் பூனை தேறிவிட்டால், சரியாகிவிட்டது என்று தூளை நிறுத்திவிடாதீர்கள். நான் ஒருமுறை இரண்டு நாள் அரை அளவாகக் குறைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் களிமண் நிறம் திரும்பி வந்துவிட்டது.

சுந்தரி இப்போது 4 கிலோவைத் தொட்டிருக்கிறாள். வாலுக்குக் கீழே முடி காய்ந்து பஞ்சு போல இருக்கிறது. இட்லியைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

தீபாவளி கழித்து ஐயா எங்கள் வீட்டுக்கு வந்தார். நாலு மாடி ஏறி வந்திருந்தார், மின்தூக்கி அன்றைக்கு வேலை செய்யவில்லை. ஒரு பையில் முறுக்கு, இன்னொரு பையில் ஒரு மைலோ டின். டின்னுக்குள் மூடியைப் பிரிக்காத தூள் புட்டி ஒன்று, நான் கட்டிக் கொடுத்த பொட்டலங்களில் மீந்த நாலு, கழுவிக் காயவைத்த அந்தத் தேக்கரண்டி. "இன்னொருத்தருக்குத் தேவைப்படும்மா" என்றார்.

போன வாரம் தேவைப்பட்டது. கெப்போங்கிலிருந்து ஒரு பெண், அவள் பூனைக்கு 5.2 என்று முடிவு வந்திருக்கிறது, வாங்கச் சொன்ன தூள் வர இன்னும் பத்து நாளாகும். நாளை காலை வருகிறாள். புட்டியின் தேதியைப் பார்த்துவிட்டேன், அவளுடைய டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். மீந்த நாலு பொட்டலங்களையும் டின்னிலிருந்து எடுத்துவிட்டேன். எப்படிக் கலப்பது என்று சுந்தரியின் காலைச் சாப்பாட்டிலேயே காட்டலாம் என்று இருக்கிறேன். டின் மேல் ஐயா தமிழில் "வெள்ளையன்" என்று எழுதி ஒட்டிய தாள் அப்படியே இருக்கிறது. அதைக் கிழிக்காமல்தான் கொடுக்கப் போகிறேன்.